லாவெர்ன் பேக்கர் அனுப்பிய மனு

1955 தொடக்கத்தில் அமெரிக்க வானொலிகளில் ‘ட்வீடில் டீ’ என்ற பாட்டு இரண்டு குரல்களில் ஒலித்தது. முதலில் பாடியவர் சிகாகோவின் கறுப்பினப் பாடகி லாவெர்ன் பேக்கர். அது சூடுபிடித்ததும் மெர்குரி நிறுவனத்துக்காக அதையே பாடினார் வெள்ளையரான ஜார்ஜியா கிப்ஸ். மெட்டு ஒன்று என்பதில் வியப்பில்லை. பின்னணிக் குரல்கள் புகும் இடமும், பேக்கர் குரலை வளைக்கும் விதமும்கூட ஏறக்குறைய அச்சு அசல். வெள்ளையர் கேட்கும் பெரிய நிலையங்கள் கிப்ஸின் இசைத்தட்டையே சுழற்றின. பாப் பட்டியலில் கிப்ஸ் 2-ஆம் இடம் வரை ஏறினார். பேக்கர் 14-உடன் நின்றார்.

அவர் வாய்மூடி இருக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தக் கோரி மிச்சிகன் காங்கிரஸ் உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்கு எழுதினார். பாட்டை எழுதியவருக்கு நஷ்டமில்லை, இரண்டு தட்டிலும் அவருக்குக் காசு. இசைக்கோப்பும் பாடும் பாணியும் களவுபோனால்தான் கேட்பாரில்லை. தன் பாடகி பாலா வாட்சனின் தட்டை டெக்கா நகலெடுத்ததாக சுப்ரீம் ரெக்கார்ட்ஸ் தொடுத்த வழக்கு 1950-லேயே தோற்றிருந்தது. பேக்கரின் மனுவாலும் சட்டம் அசையவில்லை. விமானப் பயணக் காப்பீட்டில் கிப்ஸையே அவர் நாமினியாகப் போட்டதாக ஒரு கதை உண்டு: தான் செத்தால் அந்த அம்மாவுக்குப் பிழைப்பு போய்விடுமே!

நல்ல பாட்டைப் பலர் பாடுவது வழக்கம்தானே என்பார்கள். உண்மைதான். ‘ஹவுண்ட் டாக்’ விஷயத்தில் எல்விஸ் பிரெஸ்லியை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை; லாஸ் வேகாஸில் ஃப்ரெடி பெல் குழு பாடக் கேட்டு, 1956-ல் வேறு வேகத்தில் பாடினார் அவர். ஆனால் 1952-ல் அந்தப் பாட்டுக்கு உயிர் கொடுத்தது பிக் மாமா தார்ன்டனின் உறுமல். எழுதிய லீபரும் ஸ்டோலரும் அப்போது இருபதைத் தொடாத பையன்கள். ஏழு வாரம் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம் பிடித்த அந்தத் தட்டுக்காகத் தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை என்று தார்ன்டன் சொல்லிவந்தார்.

நகலெடுப்போர் மட்டும்தான் பகை என்றில்லை. அட்லாண்டிக் நிறுவனத்தை ‘ரூத் கட்டிய வீடு’ என்பார்கள். 1950-ல் வெளியான ஒரே பாட்டால் 11 வாரம் முதலிடத்தில் இருந்தவர் ரூத் பிரவுன். அறுபதுகளில் அவர் வீட்டுவேலை செய்தார், பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஒலிப்பதிவுச் செலவு, வாத்தியக்காரர் கூலி எல்லாம் பாடகர் கணக்கில் பற்று எழுதப்பட்டதால் ராயல்டி கைக்கு வரவே இல்லை. வழக்கறிஞர் ஹவல் பெகிளுடன் அவர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகே, 1988-ல் அட்லாண்டிக் இறங்கிவந்தது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் இணைய வானொலி பாடகருக்கும் பணம் தர வேண்டும். அதே பாட்டை ஏஎம், எஃப்எம் நிலையம் ஒலிபரப்பினால் எழுதியவருக்கு மட்டும்தான். இதை மாற்ற காங்கிரஸில் மசோதாக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வானொலி முதலாளிகளின் சங்கம் அவற்றைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது.