விபூதியும் சாட்சியமும்

செஞ்சியில் வங்கிக் கவுண்டருக்கு வந்த பெரியவர், "பிரேமானந்தா சாமிய அநியாயமா மாட்டிவுட்டுட்டாங்க தம்பி" என்றார்.

யார் மாட்டிவிட்டது? ஈழப்போரில் வீடிழந்து, விராலிமலை அருகே அவன் ஆசிரமத்தில் சோற்றுக்கு நின்ற பிள்ளைகளா? 1994இல் தப்பி வந்த பெண் வாய்திறந்த பிறகுதான் போலீசே உள்ளே போனது. ராம் ஜெத்மலானி வந்து வாதாடியும், கருவின் மரபணு காட்டிக்கொடுத்தது. 13 பெண்கள்மீது வல்லுறவு, ஒரு கொலை: 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் கொடுத்தது; 2005இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2011இல் கைதியாகவே செத்தான்.

தோழர்களே, கையிலிருந்து கொட்டிய விபூதியை நம்பியவர்கள் அநாதைப் பெண்ணிடம் மட்டும் ஆதாரம் கேட்கிறார்கள். சோறு போட்டவனுக்கு உடம்பும் சொந்தம் என்பது பண்ணையார் நியாயம். நம் சேரிக்கு அது புதுசா என்ன? காவி கட்டிக்கொண்டு வந்தாலும் அது அதேதான்.