எண்ணாத சாவுக்கு யார் பொறுப்பு?

தோழர்களே! மூச்சு வாங்குகிறது என்று டாக்டரிடம் போனால் முதல் கேள்வி: "பீடி குடிப்பாயா?" ஆமாம் என்றால் தீர்ந்தது விசாரணை. எந்த ஆலையில், எத்தனை வருஷம், என்ன தூசியில் வேலை செய்தாய் என்று கேட்பாரில்லை. குற்றவாளி நம் சட்டைப்பையில் இருக்கும் பீடிக்கட்டு, முதலாளி உத்தமன்!

ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் தொழிலில் இந்தப் பித்தலாட்டம் என்றோ அம்பலமாகிவிட்டது. அமெரிக்காவில் டாக்டர் இர்விங் செலிகாஃப் 1964-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் கல்நார் உறை போடும் 632 தொழிலாளரின் கணக்கு அது. பொதுமக்களின் சாவு விகிதப்படி நுரையீரல், நெஞ்சுச்சவ்வுப் புற்றுநோயில் ஆறேழு பேர் இறந்திருக்கலாம். இறந்தவர்களோ 45 பேர்!

புகைக்குப் பங்கில்லையா? உண்டு. அதையும் 1979-இல் அவர் குழு எண்ணிச் சொன்னது. தூசியும் புகையும் இல்லாதவரைவிட, நுரையீரல் புற்றுநோயில் சாகும் ஆபத்து, கல்நார் தூசி மட்டும் பட்டவருக்கு சுமார் 5 மடங்கு. புகை மட்டும் பிடித்தவருக்கு சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு 50 மடங்குக்கும் மேல்! இது கூட்டல் அல்ல, பெருக்கல். பீடியை விடு என்று நாமும் சொல்வோம். தூசியை அடக்கு என்று முதலாளியிடம் சொல்லாதவர்களுக்கு நமக்கு உபதேசம் செய்ய அருகதை இல்லை.

தாய்மார்களே! 1965-இல் லண்டனில் வெளியான ஆய்வு, நெஞ்சுச்சவ்வுப் புற்றுநோய் கண்டவர்களில் ஆலைக்குள் கால் வைக்காத பெண்களையும் கண்டது. அவர்கள் செய்த பாவம், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தது!

செலிகாஃபுக்கு அந்த 632 பெயர்கள் எங்கே கிடைத்தன? தொழிற்சங்க உறுப்பினர் பதிவேட்டில்! இங்கே தோழர்களே, நம் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்டது. காரணம், நோய் தலைகாட்டவே 20, 30, 40 ஆண்டுகள் ஆகலாம். ஆனால் மேஸ்திரி கூட்டிவந்த ஒப்பந்தக் கூலிக்கு மஸ்டர் ரோலிலேயே பெயரில்லாதபோது உடல்நலப் பதிவு ஏது? தூசி தின்றது மும்பையில். சாவு சேலத்திலோ நெல்லையிலோ. இரண்டையும் இணைக்க ஒரு வரி எழுத்து இல்லை. அப்புறம் "இந்தியாவில் பாதிப்புக்குச் சான்று இல்லை" என்று வாதம்! எண்ணாமல் விட்டவர்களே எண்ணிக்கை கேட்கிறார்கள். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்த கல்நாரை இந்தியா இன்னும் இறக்குமதி செய்து கூரைத் தகடாக்குகிறது.

பழைய ஏடுகளைப் புரட்டியே வயிறு வளர்க்கும் ரயில்வே குமாஸ்தா நான். எழுதாத வரிக்கு எந்த ஆபீசிலும் காசு பெயராது. ஆகவே இன்றே ஒரு நோட்டு போடுங்கள். ஆலை, மேஸ்திரி, செய்த வேலை, சேர்ந்த தேதி, விட்ட தேதி, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு நகல் சங்கத்தில் இருக்கட்டும். ஊர் திரும்பியவர்களுக்கும் கடிதம் போட்டுக் கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள்.

அவர்கள் எண்ண மாட்டார்கள். நாம் எண்ணுவோம்!