பதினேழாம் தொகுதியும் கழிவறை வாளியும்

தீபாவளிக்கு வீடு கழுவும்போது கழிவறையில் பிளீச்சை ஊற்றிவிட்டு, கறை போகவில்லையே என்று மேலேயே அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்று ஒரு கணக்கு. அது எங்கே தப்புகிறது என்பதற்கு, படிவம் நான்கில் படிக்கும் பிள்ளையின் வேதியியல் புத்தகத்தை வாங்கித் தனிம அட்டவணையைப் பாருங்கள்.

வலது கோடியில் 18ஆம் தொகுதி. ஹீலியம், நியான் போன்ற, யாரோடும் எளிதில் சேராத வாயுக்கள். அதற்கு அடுத்த வீடு 17ஆம் தொகுதி: ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின். இவைதான் ஹாலஜன்கள். கிரேக்கச் சொல்; உப்பை உண்டாக்குபவை என்று பொருள். வெளிச்சுற்றில் ஏழு எலக்ட்ரான்கள். எட்டாக இருந்தால் நிம்மதி. அந்த ஒன்றுக்காக எதிர்ப்படுவதிடமெல்லாம் கை நீட்டும்.

மேலே இருப்பதற்குத்தான் பசி அதிகம். ஃபுளோரினைத் தனியே பிரிக்க முயன்று சிலர் உயிரையே விட்டார்கள். 1886இல்தான் பிரெஞ்சுக்காரர் ஹென்றி முவாசான் அதைச் சாதித்தார். கீழே உள்ள அயோடின் அவ்வளவு மூர்க்கமில்லை. புண்ணுக்கு மருந்தாகப் பூசுகிறோம்.

குளோரின் நடுவில். சோடியத்திடம் ஓர் எலக்ட்ரானை வாங்கிவிட்டால் அது சாது. ரசத்தில் போடும் உப்பு. வாங்காமல் அலையும் குளோரின் வேறு ரகம்.

பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். காரத் தன்மையுள்ள அந்தத் திரவத்தில் குளோரின் கட்டுப்பட்டு இருக்கிறது. அமிலம் பட்டதும் கட்டு அவிழ்ந்து வாயுவாகக் கிளம்புகிறது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோரம் தங்கும். குனிந்து தேய்ப்பவரின் மூக்கு இருக்கும் உயரம் அது! நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். அளவு வேறு, பொருள் ஒன்று.

வினிகரும் அமிலமே, அதையும் பிளீச்சோடு சேர்க்காதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் கூடாது. அது குளோரமைன் என்ற வேறொரு நச்சு வாயுவைத் தரும். பிளீச் போட்ட இடத்தை நன்றாக அலசிவிட்டு, அமிலத்தை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தவறிக் கலந்து நெடி ஏறிவிட்டால், வாளியைக் காப்பாற்ற நிற்க வேண்டாம். உடனே வெளியேறி நல்ல காற்றுள்ள இடத்துக்குப் போங்கள். இருமல் அடங்காவிட்டாலோ மூச்சு இறுகினாலோ நேரே மருத்துவமனைதான். எதை எதோடு கலந்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.