சம்மர் கேம்ப்புக்கு அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி, பெருங்காய டப்பாவைப் பாருங்க



மே மாச லீவுக்குப் பிள்ளைங்களை எந்த கேம்ப்புக்கு அனுப்பலாம், எவ்வளவு செலவு பண்ணலாம்னு வருஷா வருஷம் கேள்வி வரும். இந்த வருஷம் ஆம்பூர்ல இருந்து ஒரு பாய் கேட்ட கேள்வி கொஞ்சம் வேற மாதிரி. அதனால வீடியோவுக்கு முன்னாடியே இங்க விளக்கமா எழுதிடுறேன்.

அவர் ஒரு ஷூ கம்பெனியில சூப்பர்வைசர். பையனுக்கு 11 வயசு. அவனுக்கு செலியாக் நோய் இருக்கு. கோதுமை, பார்லி இதுல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதம் உள்ளே போனா, உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னோட சிறுகுடலையே தாக்கும். மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க அதைச் சாப்பிடாம இருக்கிறதுதான் வைத்தியம். மாமா பசங்க ரெண்டு பேரும் மே மாசம் பத்து நாள் தர்பியா முகாமுக்குப் போறாங்க. இவனும் போகணும்னு அடம் பிடிக்கிறான். அங்க கட்டணம் 4,500 ரூபாய். இன்னொரு பக்கம், ஏலகிரியில ஒரு தனியார் கேம்ப், ஆறு நாளைக்கு 20,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. நோட்டீஸ்லயே "ஸ்பெஷல் டயட் உண்டு"ன்னு போட்டிருக்காங்க. "பையன் உடம்பு விஷயம், காசு பெருசில்ல. ரெண்டாவதுக்கே போயிடலாமா?"ன்னு கேட்டார்.

என் கருத்து: முதல் முகாமுக்கே அனுப்புங்க. ஆனா 4,500 ரூபாய்ல அனுப்பாதீங்க. 15,000 ரூபாய் ஆக்கி அனுப்புங்க.

ஏன்னு சொல்றேன்.

அதிக விலை கொடுத்தா அதிக பாதுகாப்பு கிடைக்கும்னு நாம நம்புறோம். ஹெல்மெட் வாங்கும்போது அது ஓரளவு சரி. கேம்ப்ல நீங்க கொடுக்கிற 20,000 எங்க போகுதுன்னு பாருங்க. இடத்து வாடகை, கயிறு ஏறுற சாமான், டிரெய்னர், வேன், விளம்பரம். சமையல் பெரும்பாலும் வெளி கேட்டரிங் கான்ட்ராக்ட். "ஸ்பெஷல் டயட்"னு அவங்க சொல்றது பல நேரம் சைவம், முட்டை இல்லாதது, ஜெயின் சாப்பாடு, அவ்வளவுதான். செலியாக் வட இந்தியாவுல கோதுமை அதிகம் சாப்பிடுற பகுதிகள்ல அதிகமா தெரிய வர்ற நோய். நம்ம பக்கம் குறைவு. அதனால இங்க நல்ல சமையல்காரருக்குக்கூட அது என்னன்னு தெரியாம இருக்கும். அது அவர் தப்பு இல்ல.

ஒரே ஒரு கேள்வி கேளுங்க. போன் எடுக்கிற மார்க்கெட்டிங் பொண்ணுகிட்ட இல்ல, சமையல்காரர்கிட்ட: "அண்ணே, சாம்பாருக்கு என்ன பெருங்காயம் போடுறீங்க?"

கடையில நாம வாங்குற கூட்டுப் பெருங்காயம் சுத்தமான பிசின் இல்ல. அதோட மாவு கலந்துதான் தூளாவோ கட்டியாவோ விக்கிறாங்க. பல பிராண்ட்ல அந்த மாவு மைதா அல்லது கோதுமை மாவு. டப்பா பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், படிச்சுப் பாருங்க. அரிசி சோறு, பருப்பு சாம்பார், இதுல கோதுமை எங்கன்னு நினைக்கிறவங்க மாட்டிக்கிறது இங்கதான். சாம்பார், ரசம், புளியோதரை எல்லாத்துலயும் அது இருக்கு. இந்தக் கேள்விக்கு சமையல்காரர் "ஏன் கேக்குறீங்க?"ன்னு திருப்பிக் கேட்டா நல்ல அறிகுறி. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், நிறைய பசங்களைப் பார்த்துட்டோம்"னு சொன்னா, போனை வெச்சுடுங்க.

ஏன்னா செலியாக்ல "ஒண்ணும் ஆகல"ங்கிற பேச்சே தப்பு. ரொட்டித் துணுக்கு அளவு போனாலும் குடல் உள்ளே பாதிக்கலாம், வெளியே அன்னிக்கே தெரியாமலும் போகலாம். குளூட்டன் இல்லாதது்னு இந்தியாவுல லேபிள் ஒட்டணும்னா ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ விதி. எவ்வளவு சின்ன அளவு பாருங்க. சப்பாத்தி போட்ட கல்லுல தோசை ஊத்தினாலே அது தாண்டிடலாம். பூரி பொரிச்ச எண்ணெயில அப்பளம், பரோட்டா கிளறின கரண்டியில குருமா, எல்லாமே அப்படித்தான். சாயங்காலம் பசங்களுக்குக் கொடுக்கிற ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானத்துல கோதுமையும் பார்லியும் இருக்கு. நூடுல்ஸ் கேக்கவே வேணாம். சோயா சாஸ்லயும் கோதுமை வரும்.

நம்ம ஊர் சாப்பாட்டையே எடுத்துக்கோங்க. ஆம்பூர் பிரியாணியில சீரக சம்பா அரிசி, கறி, தயிர், மிளகாய் விழுது. கோதுமையே இல்ல, அந்தப் பையன் தாராளமா சாப்பிடலாம். ஆனா தேக்சா மூடியைச் சுத்தி மைதா மாவு ஒட்டி தம் போட்டிருந்தா? திறக்கும்போது காஞ்ச மாவு உள்ள விழும். அலுமினியத் தாள் வெச்சு மூடுங்கன்னு சொன்னா பிரச்சனை முடிஞ்சது, செலவு பத்து இருபது ரூபாய். ஆற்காடு மக்கன் பேடா மட்டும் கிடையவே கிடையாது, அதுல மைதா இருக்கு. பாவம், பையன்.

இப்ப மார்க்க விஷயத்துக்கு வருவோம். தனியார் கேம்ப்ல கறி ஹலாலான்னு உறுதி இல்லன்னா வீட்டுல "அங்க சைவமே சாப்பிடு"ன்னு சொல்லி அனுப்புவாங்க. கேம்ப் சைவ மெனு என்ன? சப்பாத்தி, பன்னீர் கிரேவி, நூடுல்ஸ், கோபி மஞ்சூரியன், சேமியா உப்புமா. செலியாக் பையனுக்கு ஆகாதது எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கு. ஒரு கட்டுப்பாடு இன்னொண்ணு மேல ஏறி உட்காரும்போது தட்டுல மிஞ்சுறது வெறும் சோறும் வாழைப்பழமும். ஆறு நாள். தர்பியா முகாம்ல ஹலால் கேள்வியே எழாது. மீதி ஒரே ஒரு பிரச்சனைதான், அதைக் காசு போட்டுத் தீர்க்கலாம்.

ஆனா "நம்ம ஆளுங்க முகாம்தானே, பார்த்துப்பாங்க"ன்னு சும்மா விட்டுடாதீங்க. ஹலால்னா குளூட்டன் இல்லன்னு அர்த்தம் கிடையாது. ஜெயின் சாப்பாடும் அப்படித்தான். அமெரிக்காவுல யூதப் பிள்ளைகளுக்குன்னு பல வாரம் தங்குற கோடை முகாம்கள் இருக்கு. அங்க பெத்தவங்களும் இதே பாடுதான் படுறாங்க: கோஷர் விதியும் வேணும், பிள்ளையோட அலர்ஜியும் பார்க்கணும். கோஷர் முத்திரை அலர்ஜிக்கு உதவாது. அவங்க பஸ்கா பண்டிகைக்குச் சாப்பிடுற புளிக்காத ரொட்டியே பொதுவா கோதுமையிலதான் செய்றது. ஆனா ஒரு விஷயம் அவங்ககிட்ட கத்துக்கலாம். கோஷர் சமையல்கட்டுல கறிக்கு ஒரு செட் பாத்திரம், பாலுக்கு ஒரு செட். விதி சரியா நடக்குதான்னு பார்க்க ஒரு ஆள், பேரு மஷ்கியாக். சமையல்கட்டைக் கவனிக்கிறதுதான் அவர் வேலையே. நம்ம முகாம்கள்ல நல்ல மனசு நிறைய இருக்கு. இந்த வேலைக்குன்னு ஒரு ஆள் இல்ல.

அந்த ஆளுக்குத்தான் காசு கொடுக்கச் சொல்றேன். பாய்க்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. உங்க ஊர் விலைக்கு மாத்திக்கோங்க.

முகாம் கட்டணம் 4,500. சமையல்கட்டுல ஏற்கெனவே வேலை செய்யிற ஒரு அக்காவுக்கு, இந்தப் பையன் சாப்பாட்டை மட்டும் தனியா பார்த்துக்க ஒரு நாளைக்கு 600 வீதம் பத்து நாளைக்கு 6,000. ஒரு இண்டக்ஷன் அடுப்பு, சின்ன இட்லி பானை, கடாய், தோசைக்கல், கரண்டி எல்லாம் புதுசா 3,500. வீட்டுல அரைச்ச சாம்பார் பொடி, பெருங்காயம் இல்லாத ரசப்பொடி, கேழ்வரகு மாவு, பொரி, கடலை மிட்டாய்னு ஒரு பெட்டி 1,000. மொத்தம் 15,000. ஏலகிரி கேம்ப் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 23,600 ஆகுது. பாத்திரம் அடுத்த வருஷமும் உங்களுதுதான்.

எங்க விரிஞ்சிபுரத்து சாமிக்கே வழித்துணைநாதர்னுதான் பேரு. அந்த ஊர்க்காரன் சொல்றேன், பிள்ளையோட ஒரு துணை ஆள் இருக்கணும். வெறும் பொடி பாட்டிலை மட்டும் பையில போட்டு அனுப்பினா, மூணாவது நாள் அது அலமாரியில தூங்கும்.

ஜிஎஸ்டி பத்தி இன்னொண்ணு. 2018 செப்டம்பர்ல வந்த ஒரு சுற்றறிக்கைப்படி, பதிவு பெற்ற அறக்கட்டளைகள் மதம், ஆன்மிகம், யோகா வளர்ச்சிக்காக நடத்துற தங்கும் முகாம்களுக்கு, சாப்பாடு தங்குமிடம் சேர்த்து வாங்குற கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது. அதுவே வெறும் உடற்பயிற்சி, டான்ஸ், மியூசிக் கேம்ப்னா வரி உண்டு. அதனால மத முகாம் பில்லுல ஜிஎஸ்டி இருந்தா, ஏன்னு கேளுங்க. பழைய வரி முறையில கல்விக் கட்டணத்துக்குக் கிடைக்கிற கழிவுல இந்தச் செலவைக் காட்ட முடியாது, முயற்சி பண்ண வேணாம்.

"இன்சூரன்ஸ் உண்டு"ன்னு நோட்டீஸ்ல போட்டிருப்பாங்க. பல நேரம் அது விபத்துக் காப்பீடு மட்டும்தான். கால் முறிஞ்சா வரும், வயித்துப்போக்குல அட்மிட் பண்ணினா வராது. உங்க குடும்ப ஹெல்த் பாலிசியில பையனோட செலியாக்கை எழுதிக் கொடுத்திருக்கீங்களான்னு இப்பவே பாருங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம்னு 2024-ல குறைச்சிருக்காங்க. மறைச்சிருந்தா கிளெய்ம் போடும்போது வம்பு. கம்பெனியில இஎஸ்ஐ பிடிக்கிறவங்க அட்டை நகலைப் பையன் பையில வெச்சு அனுப்புங்க.

சி.எம்.சி-யிலயோ வேற எங்கயோ வைத்தியம் பார்க்கிறவங்க, அடுத்த ரிவியூவுக்குப் போகும்போது டயட்டீஷியன்கிட்ட ஒரு பக்கம் தமிழ்ல எழுதி வாங்கிக்கோங்க. எது ஆகும், எது ஆகாது, தெரியாம சாப்பிட்டா என்ன பண்ணணும். இங்கிலீஷ் கடிதம் ஆபீஸ் ஃபைல்ல போயிடும், தமிழ் கடிதம்தான் சமையல்கட்டுச் சுவத்துல ஒட்டும். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒண்ணு: திருப்பலி அப்பம் கோதுமை. குளூட்டன் மிகக் குறைச்ச அப்பம் திருச்சபையில அனுமதி உண்டு, ரசம் மட்டும் வாங்கிக்கவும் வழி உண்டு. ஃபாதர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

வேர்க்கடலை, முந்திரி, பால் அலர்ஜி உள்ள பிள்ளைன்னா மேல போட்ட கணக்கு அப்படியே பொருந்தாது. தீவிர அலர்ஜியில நிமிஷ கணக்குதான். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு. அட்ரினலின் ஊசி யார்கிட்ட இருக்கு, யார் போடுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி நிக்குமான்னு பதில் வராத வரைக்கும், எவ்வளவு நல்ல கேம்ப்பா இருந்தாலும் மலை வேணாம். கீழயே பாருங்க.

அட்வான்ஸ் கட்டும்போது "மருத்துவக் காரணத்தால் பாதியில் திரும்பினால் மீதி நாள் கட்டணம் திருப்பித் தரப்படும்"னு ரசீதுலயே, குறைஞ்சது வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்குங்க. "நோ ரீஃபண்ட்"னு அச்சடிச்சுட்டா எல்லாம் முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. 1915 நுகர்வோர் உதவி எண். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம், 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் இல்ல.

இனி முகாம் நடத்துற ஜமாஅத், சர்ச், டிரஸ்ட்காரங்ககிட்ட ஒரு வார்த்தை. அந்த 6,000 ரூபாயை அந்த ஒரு அப்பாதான் தரணும்னு இல்ல. 80 பசங்க வர்ற முகாம்னா தலைக்கு 75 ரூபாய். கட்டணத்தை 4,575 ஆக்கினா யாரும் பின்வாங்க மாட்டாங்க, ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல உக்கார்ற அம்மாவோட பிள்ளையும் வர முடியும். இப்ப என்ன நடக்குது? 15,000 கட்ட முடிஞ்சவர் பிள்ளை போறான். முடியாதவங்க "உடம்பு சரியில்லாத பிள்ளை"ன்னு சொல்லி வீட்டுலயே வெச்சுக்கிறாங்க. விண்ணப்பத்துல டி-ஷர்ட் சைஸ் கேக்குறீங்க, ரத்தப் பிரிவு கேக்குறீங்க. "உங்கள் பிள்ளைக்கு எந்த உணவு ஆகாது?"ன்னு ஒரு வரியும், சமையல்கட்டுப் பொறுப்பாளர் பேரும் போன் நம்பரும் சேருங்க. விண்ணப்பம் அச்சுக்குப் போற நேரம் இது, இப்ப சேர்க்கிறது சுலபம்.

பெத்தவங்களுக்கு: சமையல்காரர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விகளைத் தமிழ்ல ஒரு பக்கமா நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுக்குக் கீழ போடுறேன். பிரிண்ட் எடுத்துட்டு நேர்ல போங்க. காலை பதினோரு மணி வாக்குல போனா சாம்பார் கொதிச்சுட்டு இருக்கும், டப்பாவும் மேடை மேலயே இருக்கும்.