முதல் கியர் விழவில்லை என்றால் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கார் இல்லாதவர்களும் படிக்கலாம். பைக் இருந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எங்கள் நெம்மேலியில் கடல் சத்தம் காதில் விழுவதில்லை. ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் பக்கம் பறக்கிற ஸ்போர்ட்ஸ் கார்களின் சத்தம்தான். அந்த வேகத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இன்று சொல்ல வந்தது, அதே கார்கள் நிற்கும்போது செய்கிற அடத்தைப் பற்றி. கிளட்சை அழுத்தி கியர் ராடைத் தள்ளினால் முதல் கியர் விழாது. பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார், ஓட்டுகிற பிள்ளை பலம் கொண்ட மட்டும் தள்ளுவான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி நடந்தால் பெரும்பாலும் குற்றம் கியர்பாக்ஸில் இல்லை, கிளட்சில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு நிமிஷம் போதும், ஒரு பைசா செலவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தைச் செலவழிக்காமல் "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

என் பழைய மாணவன் ஒருவன், சிறுசேரியில் வேலை, சில வருஷம் பணம் சேர்த்து இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினான். வாரம் முழுக்க அது இங்கே கடற்கரையோரம் நண்பர் வீட்டில் நிற்கும், ஞாயிறு மட்டும் ஓடும். போன மாதம் உத்தண்டி சுங்கச்சாவடியில் முதல் கியர் விழவே இல்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறான். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் போன் செய்து, "சார், லோன் போடலாமா?" என்று கேட்டான். "ஏன்டா, இன்ஜினை நிறுத்திட்டு கியர் போட்டுப் பார்த்தியா?" என்றேன். பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் யாரும் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்பில் நிலைமம் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சுற்றுகிற பொருள் தடுக்கப்படும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடும்போது, நியூட்ரலில், கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸின் உள்ளே போகும் தண்டும் சேர்ந்து சுற்றுகின்றன. கார் நிற்பதால் சக்கரத்தோடு இணைந்த தண்டு அசையாமல் இருக்கிறது. முதல் கியர் விழ வேண்டும் என்றால் சுற்றுகிற தண்டும் நிற்க வேண்டும். கிளட்சை அழுத்தினால் இன்ஜினோடு தொடர்பு அறுந்து, ஓரிரு நொடியில் அது ஓய்ந்துவிடும். மிச்சம் இருக்கிற சுழற்சியை சிங்க்ரோமெஷ் வளையம் தன் உராய்வினால் அடக்கும். அதுவரை பற்களை ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் தடுப்பதும் அந்த வளையத்தின் வேலைதான். கையில் தட்டுப்படுகிற எதிர்ப்பு அதுதான்.

கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை என்றால் இன்ஜின் அந்தத் தண்டை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வளையம் எவ்வளவு உராய்ந்தாலும் ஓடுகிற இன்ஜினோடு மல்லுக்கட்ட முடியுமா? ஓடும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்சும் போடும்போதுதான் வெளியே வரும். ஸ்போர்ட்ஸ் காரில் இன்னும் சீக்கிரம் தெரியும். அதன் கியர் ராடு கொஞ்ச தூரமே நகரும்படி செய்திருப்பார்கள். நகரும் தூரம் பாதியானால் கை கொடுக்க வேண்டிய விசை இரட்டிப்பாகும். நெம்புகோல் பாடம்தான், வேறொன்றுமில்லை.

ஆகவே சோதனை இதுதான். ஹேண்ட் பிரேக் போட்டு, சமதளத்தில், இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி விழுகிறதா? பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க அழுத்தி, மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள். இப்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்ச் பக்கம். இன்ஜின் நின்றிருந்தாலும் விழவில்லை என்றால் கியர் ராடின் இணைப்பையோ கியர்பாக்ஸையோ சந்தேகப்படலாம். எப்போதாவது ஒருமுறை மட்டும் விழாவிட்டால் அது கோளாறே இல்லை, பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கிறது. நியூட்ரலில் கிளட்சை ஒரு தரம் விட்டு அழுத்தினால் சரியாகிவிடும். பைக்கில் முதல் கியர் விழாதபோது வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுகிறீர்களே, அதே கதை.

மாணவன் காரில் இன்ஜினை நிறுத்தினால் எல்லாக் கியரும் விழுந்தன. கிளட்சின் கீழ் சிலிண்டரில் கசிவு. சிலிண்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றி, காற்றை வெளியேற்றினார்கள். சில ஆயிரத்தில் வேலை முடிந்தது. ஆனால் நான் பதறியது பணத்துக்காக அல்ல. நிறைய கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் ஒரே டப்பாவில் இருந்துதான் போகிறது. கிளட்சுக்குப் போகும் குழாயை டப்பாவில் மேலே வைத்திருப்பார்கள். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் கெட வேண்டும், பிரேக்குக்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக. அப்படியென்றால் முதல் கியர் விழாதது ஒருவேளை பிரேக் ஆயில் இறங்குகிறது என்ற தகவலாகக்கூட இருக்கலாம். அந்தத் தகவலைக் கையின் பலத்தால் அமுக்கிவிட்டு கோவளம் வளைவில் நூறில் போகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள், காற்றில் இருக்கிற உப்பை யார் பிரிப்பது? எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறினால் சிலிண்டர் உள்ளே அரிக்கும். வாரக்கணக்கில் அசையாமல் நின்றால் கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. கடற்கரை வீட்டில் கார் நிறுத்துகிறவர்கள் அந்த ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். நடுவில் ஒரு நாள் பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள், கவர் போட்டு மூடிவைத்தால் மட்டும் போதாது.

இதையெல்லாம் பழைய டிரைவர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள். நம் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை இருந்ததே, அங்கே 1961 முதல் செய்த ஹெரால்டு காரில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டும்தான். அம்பாசிடரும் பத்மினியும் அப்படித்தான். அதனால் கார் முழுக்க நின்றபிறகே முதல் கியர். அவசரமென்றால் இரண்டாம் கியரை லேசாகத் தொட்டு, உள்ளே சுற்றுவதை அடக்கிவிட்டு முதல் கியருக்கு இழுப்பார்கள். லாரிக்காரர்கள் டபுள் கிளட்ச் போடுவார்கள். ஹெரால்டின் சட்டத்தை வைத்து இங்கிலாந்தில் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிகெலோட்டி. அந்த ஸ்பிட்ஃபயருக்கே முதல் கியரில் சிங்க்ரோமெஷ் 1970-ல்தான் வந்தது. 1928-ல் கடிலாக் அறிமுகப்படுத்திய விஷயம் முதல் கியர் வரை வந்து சேர இவ்வளவு காலம். நம் ஊரில் 1983-ல் மாருதி வந்தபிறகு எல்லாரும் நிம்மதியாக மறந்துவிட்டார்கள்.

மறந்ததில் ஒன்று ஆபத்தானது. ரேஸ் வீடியோக்களில் கியரை 'படார் படார்' என்று அடிப்பதைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். முழு ரேஸ் காரின் கியர்பாக்ஸில் பெரும்பாலும் அந்த வளையமே கிடையாது, பைக்கில் இருப்பது போலப் பெரிய பெரிய கொக்கிகள்தான். அதை அடித்துத்தான் போட வேண்டும். சாலையில் ஓடும் காரில் அடித்தால் பித்தளை வளையம் தேயும். அதைவிட மோசம், ஓடும்போது முதல் கியருக்குத் தள்ளுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கியரும் கடைசிப் பல்சக்கரமும் சேர்ந்து 14 மடங்கு, டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் பிளேட் நிமிஷத்துக்குச் சுமார் 7,400 சுற்று சுற்ற வேண்டும். நூறில் 12,000-ஐத் தாண்டும். காலை கிளட்சிலேயே வைத்திருந்தாலும் பிளேட் சிதறலாம். கியர் மறுக்கிறது என்றால் நம்மைக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம்.

டிரைவிங் ஸ்கூல்களின் மேல் எனக்கு நீண்டநாள் வருத்தம். "கிளட்சை மிதி, கியரைப் போடு" என்பதோடு சரி. மிதித்தால் உள்ளே என்ன பிரிகிறது என்று ஐந்து நிமிஷம் ஒரு படம் வரைந்து காட்டினால் என்ன குறைந்துவிடும்? பழைய கிளட்ச் பிளேட் ஒன்று எந்த மெக்கானிக் கடை வாசலிலும் கிடக்கும். பள்ளிக்கூடத்து ஆசிரியராக இருக்கிற என் மாணவர்கள் பதினைந்து பேராவது இதைப் படிப்பீர்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் மேசைமேல் வையுங்கள். உராய்வுப் பாடம் வரும் மாதம் அதுதானே.