போவதற்கு வழி எங்கே?

"ஒரு நாட்டில் வாழ்வது ஆபத்தென்றால் அந்நாட்டை விட்டுப் போய்விட வேண்டியதுதானே!" தன்பால் நாட்டமுடையோரைப் பற்றிப் பேச்செழும்போது, அவர்கள்பால் இரக்கமுள்ளவர்களுங்கூட இவ்வாறு சொல்லிப் பேச்சை முடித்துவிடுகின்றனர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை உகாண்டா நாட்டை வைத்துப் பார்ப்போம்.

ஆங்கிலேயர் தமது குடியேற்ற நாடுகள் பலவற்றில் விதைத்துச் சென்ற சட்டமொன்று உண்டு. இயற்கை ஒழுங்குக்கு மாறான சேர்க்கை குற்றமாகும் என்பதே அதன் சாரம். 1883ஆம் ஆண்டில் நமது தண்டனைச் சட்டக்கோவையில் 365ஆம் பிரிவாக அமர்ந்ததும் அதுவே. உகாண்டாவில் வேரூன்றியதும் அதுவே. உகாண்டாவோ அதனோடு அமையவில்லை. 2010ஆம் ஆண்டு ஒக்டோபரில் கம்பாலா நகரத்துப் பத்திரிகையொன்று, இத்தகையோரின் பெயர்களையும் புகைப்படங்களையும் அச்சிட்டு, அவர்களைத் தூக்கிலிடுமாறு தலைப்புமிட்டது. அவர்களுள் ஒருவரான டேவிட் கட்டோ நீதிமன்றஞ் சென்று அப்பத்திரிகைக்கெதிராகத் தீர்ப்புப் பெற்றார். சில வாரங்களில், 2011 ஜனவரி 26ஆம் திகதி, தமது வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். களவே காரணமென்றனர் பொலிஸார். நண்பர்கள் அதனை நம்பவில்லை.

2023 மே மாதத்தில் ஜனாதிபதி முசெவேனி ஒப்பமிட்ட சட்டம் ஆயுட்சிறையை விதித்தது. சில வகைக் குற்றங்களுக்கு மரண தண்டனையையும் வைத்தது. இத்தகையோருக்கு வீடு கொடுப்பவனையும் அது குற்றவாளியாக்கிற்று. வீட்டுக்காரன் என்ன செய்வான்? மூட்டை முடிச்சை வீதியில் வைத்தான்.

சரி, அவர் புறப்படட்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, தன் நாட்டுக்கு வெளியே நிற்பவனே அகதியாவான். உள்ளே நின்று நடுங்குபவனுக்கு அந்தப் பெயர் கிடையாது. தூதராலயத்துக்குச் சென்றால் வங்கிக் கணக்கையும், தொழில் புரியும் இடத்துக் கடிதத்தையும், திரும்பி வருவார் என்பதற்கான அத்தாட்சியையும் கேட்பார்கள். திரும்பி வருவேன் என்று நம்பச் செய்தாலே விசா. இறங்கிய பின்னர் திரும்பிப் போகமாட்டேன் என்று நம்பச் செய்தாலே தஞ்சம். ஒரே வாயால் இரண்டையும் சொல்ல வேண்டிய நிலை!

ஆகையால் வசதியற்றோர் கம்பாலாவிலிருந்து பஸ் ஏறி, புசியா எல்லையைக் கடந்து கெனியாவை அடைகின்றனர். இரு நாடுகளுக்குமிடையே அடையாள அட்டையைக் காட்டியே செல்லலாம். ஆனால் கெனியாவின் சட்டமும் ஆங்கிலேயர் வைத்துச் சென்றதே; அங்கே 14 ஆண்டுவரை சிறை. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் நைரோபி மேல் நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. கெனியா அரசாங்கமோ அகதிகளை முகாம்களிலேயே இருக்கச் செய்யும் வழக்கமுடையது. வடமேற்கே வறண்ட துர்க்கானாப் பிரதேசத்தில், 1992இல் தோன்றிய ககுமா முகாமில், எவருக்கு அஞ்சி ஓடினாரோ அவரைப் போன்ற எண்ணமுடையவர்களே அயலவர்கள். 2021 மார்ச் மாதத்தில் இத்தகைய அகதிகள்மீது தீ வைக்கப்பட்டது. காயமுற்றவர்களுள் ஒருவர் மறுமாதம் உயிரிழந்தார். அங்கிருந்து மூன்றாம் நாட்டுக்குச் செல்வதற்கோ ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா தனது அகதி அனுமதித் திட்டத்தை நிறுத்தியபோது, காத்திருந்தோர் பலரின் கோப்புகள் நின்ற இடத்திலேயே நின்றன.

அகதி வாழ்வு நமக்கு அந்நியமன்று. 1983இன் பின்னர் நம்மவர் எத்தனையோ பேர் ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், கனடா என்று சென்றனர். அவர்களை அனுப்பியது எது? தாயின் தாலிக்கொடியும் தங்கையின் காப்பும் அடகுக்குப் போயின. கொழும்பிலே ஒரு சித்தப்பா, பாரிசிலே ஒரு மச்சான், இறங்கிய இடத்தில் சோறு போட ஓர் ஊரவர். குடும்பமே அகதியின் தோணியாயிற்று. உகாண்டாவின் இளைஞனுக்கோ அந்தத் தோணியே எதிராகின்றது. தந்தை அடித்துத் துரத்துகின்றார். மாமன் பொலிசுக்குச் சொல்கின்றான். சென்ற ஊரிலும் தன் இனத்தவரைக் கண்டால் ஒதுங்கிச் செல்ல வேண்டும். இவ்விரு துயரங்களையும் ஒப்பிட்டு எது பெரிதென்று கூற யாம் வரவில்லை. தனிமையில் வேறுபாடு உண்டென்பதையே சொல்கிறோம்.

அத்தாட்சி விஷயமும் அவ்வாறே. அரசியற் காரணத்தால் வந்தவனிடம் பிடியாணையோ காயத் தழும்போ இருக்கலாம். இவனோ கடிதத்தைக் கிழித்தும், படத்தை அழித்தும், தன்னைக் காட்டும் யாவற்றையும் ஒழித்தே உயிர் தப்பியவன். அவனிடம் அத்தாட்சி கேட்டால் எதைக் கொடுப்பான்? ஊரில் மறைந்து வாழலாமே என்று சொல்லித் திருப்பியனுப்பும் வழக்கமும் இருந்தது. 2010இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. அந்தரங்கச் செயல்களைப் படம் பிடித்துக் காட்டுவதை அத்தாட்சியாக ஏற்கலாகாதென 2014இலும், மனோதத்துவப் பரீட்சைக்குக் கட்டாயப்படுத்தலாகாதென 2018இலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூறிற்று. இவற்றைத் தடுக்க ஒரு நீதிமன்றம் வாய்திறக்க வேண்டியிருந்ததென்றால், விசாரணை அறைகளில் நடந்தவற்றை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பெரும்பாலோர் போவதில்லை. நோயுற்ற தாய் இருக்கிறாள். பள்ளிச் செலவு கட்டவேண்டிய தம்பி இருக்கிறான். அறிந்த தொழிலும் பேசத் தெரிந்த மொழியும் அங்கேயே இருக்கின்றன. தங்கியவர்களெல்லாம் ஒடுங்கியிருந்தார்களுமல்லர். 2014ஆம் ஆண்டின் முந்திய சட்டத்தை எதிர்த்து உகாண்டாவின் சொந்தப் பிரஜைகளே வழக்காடினர். பாராளுமன்றத்தில் போதிய உறுப்பினர் இல்லாத வேளையில் நிறைவேறிய சட்டமென்று அவ்வாண்டு ஆகஸ்டில் அது செல்லாததாயிற்று. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவ்வாறே எதிர்த்தனர். 2024 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை நிலைநிறுத்தியபோதிலும், வீடு கொடுப்பவனைத் தண்டிக்கும் பிரிவு நீங்கிற்று. எஞ்சியதை எதிர்த்து வழக்காளிகள் மேன்முறையீடு செய்தனர்.