அடக்க விலை அறிந்து தொழில் தொடங்குவோம்

ஜவ்வாது மலையில் விளையும் சாமையையும் தினையையும், அங்கே கிடைக்கும் தேனையும் புளியையும் மூட்டையாகவே கீழே அனுப்பிவிடாமல், வீட்டிலேயே பக்குவப்படுத்தி விற்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கத்தினர் பலருக்கும் இருக்கிறது. இது வரவேற்கத்தக்க எண்ணமே. ஆயினும் தொழில் தொடங்க விழைவோரைத் தயங்க வைப்பது வரியைப் பற்றிய அச்சம். தொடங்கியோரை நலிவுறச் செய்வதோ பெரும்பாலும் வரியன்று. அடக்க விலையைக் கணக்கிடாமையே என்பது நமது துணிபு.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைக் கொள்வோம். கிலோ 40 ரூபாய் மதிப்புள்ள 100 கிலோ சாமையைக் குத்தி, உமியும் தவிடும் போக 60 கிலோ அரிசி கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். தானியத்தின் மதிப்பு 4,000 ரூபாய். அரைவைக் கூலி, ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு வண்டிச் சத்தம், பை ஆகியவற்றுக்கு 1,100 ரூபாய். ஆக, கிலோ ஒன்றுக்கு அடக்கம் 85 ரூபாய். அதனை 90 ரூபாய்க்கு விற்றால் எஞ்சுவது 300 ரூபாய். இல்லத்தரசி புடைத்தும் கல் நீக்கியும் உழைத்த இரண்டு நாட்களுக்கு, நாளொன்றுக்கு 400 ரூபாய் கூலி எழுதினால், மிஞ்சுவது 500 ரூபாய் நஷ்டமே. ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பங்களும் இதனை அறிவர். நூல் சுற்றும் மனைவியின் உழைப்பைக் கூலியில் சேர்க்காத நெசவாளர், சேலை விலையைச் சரிவர மதிப்பிட இயலாது.

இனி வரியைக் காண்போம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, நம் மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாகப் பதிவு பெற வேண்டியதில்லை. தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் உழவருக்கும் அந்த விற்பனைக்குப் பதிவு தேவையில்லை. தானியத்தைச் சில்லறையாக அளந்து விற்றால் வரியில்லை. 25 கிலோ வரையிலான உறையிலிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் 5 விழுக்காடு வரி என்பது 2022 ஜூலை 18 முதல் உள்ள விதி. ஆனால் பதிவு பெறாத சிறு விற்பனையாளர் அவ்வரியை வசூலிக்க வேண்டியதில்லை, வசூலிக்கவும் கூடாது. ஆகவே பெயர்ச்சீட்டுக்கு அஞ்ச வேண்டா.

எனினும் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. திருப்பத்தூர் வழியே பெங்களூருக்கு அனுப்புவது எளிதென எண்ணி, வரிக்குட்பட்ட சரக்கை மாநில எல்லை தாண்டி விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும் பொதுவாகப் பதிவு கட்டாயமாகும். மற்றொன்று, பதிவு பெறாதவரும் வரி செலுத்தியே வருகிறார். தேன் அடைக்க 100 ரூபாய்ப் புட்டிகள் வாங்கினால் 18 ரூபாய் வரி சேர்கிறது. பதிவு பெற்றவர் அதனைத் தம் வரியில் கழித்துக்கொள்வார். பதிவு பெறாதவர்க்கு அது திரும்பாச் செலவு. அதனையும் அடக்க விலையில் எழுத வேண்டும்.

வருமான வரியைப் பொறுத்தவரை, விவசாய வருமானத்துக்கு விலக்கு உண்டு. முறுக்கும் இனிப்பும் செய்து விற்பது வணிக வருமானமே. ஆயினும் 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவர்க்குப் பொதுவாக வரிச்சுமை இல்லை. உணவுப் பண்டம் செய்வோர், சிறியோராயினும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. அதற்கெனப் பணம் கேட்கும் இடைத்தரகரை அணுக வேண்டா.

வீட்டுக்கு வீடு தனித்தனியே உறையும் புட்டியும் வாங்கி, தனித்தனியே மலையிறங்குவதைவிட, பக்குவம் செய்வதை வீட்டிலும், உறையிடுவதையும் விற்பதையும் சங்கத்திலும் வைத்துக்கொள்வதே தக்கது என்று கருதுகிறோம். பதிவு பெற்ற சங்கம் விற்கும் உறைக்கு 5 விழுக்காடு வரி உண்டு என்பது உண்மை. ஆனால் புட்டிக்குச் செலுத்திய வரி கழிவாகும். வண்டிச் சத்தம் பலருக்கும் பகிரப்படும். வெளிமாநிலச் சந்தையும் திறக்கும். இவ்விரண்டையும் எடை போட்டுப் பார்க்கும் பொறுப்பு நிர்வாகக் குழுவினுடையது. 1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் பலரும் சேர்ந்து நடத்திய கடை நிலைத்ததற்கு, ஒழுங்கான கணக்கும் ஒரு காரணமாகும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் அங்கத்தினர், தாம் விற்கும் ஒரு பொருளின் அடக்க விலையை, வீட்டார் கூலியும் சேர்த்து, ஒரு தாளில் எழுதி வருவார்களாக. அத்தாள்களைக் கொண்டே சங்கம் கொள்முதல் விலையை நிர்ணயிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.